கடைசித் தண்ணி

“இல்லீங்க சார். அந்தச் செடிக்கு நாங்க தண்ணியே பாய்ச்சலீங்க. நெஜமா.”

சின்னம்மாள் சொன்னது இதுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த ஒன்றை மட்டும் முதலில் நம்பிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் நடந்ததெல்லாம் ஏதோ சாமர்த்தியம் மாதிரித் தெரியும். சின்னம்மாளுக்குச் சாமர்த்தியம் வராது. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட அங்கே ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்து புலம்புகிறவள்.

கேட்டவர் இளங்கோவன். சென்னைக் கம்பெனி ஒன்றின் கள அலுவலர். வயது இருபத்தாறு இருக்கும். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ரூமில் தங்கிக்கொண்டு தினமும் பைக்கில் நாரணமேட்டுக்கு வருவார். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள், நாற்பது கேள்விகள். பதினெட்டாவது கேள்வி, ‘நீர்ப்பாசனம் செய்யப்பட்டதா?’

வேதாசலமும் அதையேதான் சொன்னார். அவள் வீட்டுக்காரர்.

“நெல்லுக்கும் வேர்க்கல்லைக்குமே மோட்டாரு பத்தமாட்டுது. வேலிச் செடிக்கு எவன் சார் பாய்ச்சுவான்?”

இளங்கோவன் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதினார். இது 2005 கார்த்திகை. செடி வைத்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது.

செடி காட்டாமணக்கு. அதன் கொட்டையிலிருந்து டீசல் எடுக்கலாம் என்று அப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காது, பாறையிலும் வரும், முப்பது வருஷம் காய்க்கும், புகை குறையும். கம்பெனி ஒரு பேனரே கட்டியிருந்தது, ‘நீடித்த வளர்ச்சி’ என்று. முதல் நாள் கூட்டத்தில் அதைப் படித்துவிட்டு ஆதிகேசவன் எழுந்தான். வேதாசலத்தின் பக்கத்துக் காட்டுக்காரன், முறையில் மச்சான்.

“ஒரு சந்தேகம் சார். வேலியில இருக்கறத எடுத்தாந்து காட்ல வெச்சிட்டா, காட்ல இருக்கறத எங்க வெக்கறது? வேலியிலயா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேதாசலம் சிரிக்கவில்லை. அவருக்குப் புதுசு என்றால் ஆசை. ஊரில் முதலில் முதுகில் மாட்டுகிற மருந்தடிக்கிற டேங்க் வாங்கியது அவர். குட்டை ரக நெல்லை முதலில் நட்டது அவர். ‘மொதல்ல யாரு?’ என்று எவனாவது கேட்டால் போதும், அவர் கை தானாக மேலே போகும். அன்றைக்கும் போனது.

மாதிரித் தோட்டத்துக்கு இடம் தேடினார்கள். காட்டின் கிழக்கு மூலை, முப்பது சென்ட், பள்ளிப்பட்டு ரோட்டை ஒட்டி இருந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு போர்டு தெரியும் என்று கம்பெனிக்காரர்கள் அதையே கேட்டார்கள். மண்ணையோ மேடு பள்ளத்தையோ யாரும் பார்க்கவில்லை. அந்த மூலையில்தான் சின்னம்மாளின் கீரைப் பாத்தி, மிளகாய், நாலு வரிசை கத்தரி, கேந்திப் பூ எல்லாம் இருந்தன.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக் கிணற்று மோட்டார்களுக்குக் கரண்டு முறை வைத்துத்தான் வரும். ஒரு வாரம் காலையில் ஆறு மணி நேரம், அடுத்த வாரம் மத்தியானம். கரண்டு இருக்கிற வரைக்கும் தண்ணீர் ஆண்களுடையது. எந்தக் கழனி முதலில், எந்த மடை எப்போது என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. கரண்டு போனதும் மோட்டார் நிற்கும், ஆனால் வாய்க்கால் நெடுக முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதற்குப் பெயர் கடைசித் தண்ணி. அது பெண்களுடையது. ஆண்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுப் பெண் வந்து மடையைத் திருப்பி, அந்த மிச்சத்தைத் தன் கீரைக்கோ பூவுக்கோ விட்டுக்கொள்வாள். யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், எண்ணமாட்டார்கள். அதைப் பாய்ச்சல் என்று எந்த ஆணும் சொன்னதில்லை, எந்தப் பெண்ணும் சொன்னதில்லை.

சின்னம்மாள் கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷமாக அவள் கடைசித் தண்ணி கிழக்கு மூலைக்குத்தான் போனது. கீரையைப் பிடுங்கிவிட்டுக் காட்டாமணக்கு வைத்தார்கள். வைத்த அன்றைக்கும் கரண்டு போனது, வாய்க்காலில் தண்ணீர் நின்றது. அவள் வந்தாள். மண்ணை வெட்டினாள். தண்ணீர் தெரிந்த வழியில் போனது.

அதற்காக அவள் யோசிக்கவே இல்லை. வாய்க்கால் தண்ணீரை ரோட்டுக்கா விடுவாள்?

செடி வந்தது பாருங்கள், அப்படி ஒரு வரவு. மற்ற ஊர்களில் கணுக்காலுக்கு நின்றபோது இங்கே இடுப்புக்கு மேல். இரண்டாவது வருஷமே கொத்துக் கொத்தாகக் காய். சென்னையிலிருந்து வேன் வந்தது, பிறகு பஸ்ஸே வந்தது. தொப்பி போட்டவர்கள், கேமரா வைத்தவர்கள், ஒரு வெள்ளைக்கார அம்மா. சின்னம்மாள் அத்தனை பேருக்கும் வேர்க்கடலை வேகவைத்து முறத்தில் கொட்டுவாள். பெரிய அண்டாவில் மோர், கொத்தமல்லி கிள்ளிப் போட்டு. மத்தியானம் தங்குகிறவர்களுக்குக் கேழ்வரகுக் களியும் காராமணிக் குழம்பும். வெள்ளைக்கார அம்மா களியை மெல்ல ஆரம்பித்ததும் ஆதிகேசவன் ஓடி வந்தான்.

“அக்கா, அத்த முழுங்கச் சொல்லு. மென்னுகினே இருந்தா பஸ்ஸு பூடும்!”

வேதாசலம் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ. ‘நீரின்றி வளரும் பசுமை’ என்று போர்டில் எழுதியிருந்தது. அவர் தோளுக்கு மேல் செடி. சுற்று வட்டாரத்தில் நாற்பத்து மூன்று பேர் அந்தத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கன்று வாங்கிப் போனார்கள். வேதாசலமே மாதிரித் தோட்டம் வைத்தபோதே தன் மேட்டுக் காட்டிலும் ஒரு ஏக்கர் வைத்திருந்தார். அங்கே வாய்க்கால் ஏறாது.

2006 மாசியில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. திருத்தணியில் காயில் கட்டுகிற கடையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் கடைக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இருபத்தோரு நாள் இழுத்தான். வெயில் அந்த வருஷம் சீக்கிரமே ஏறியிருந்தது. கல்லில் கால் வைக்க முடியவில்லை. எதிரே திருத்தணி மலை பத்து மணிக்கே வெளுத்துப் போய்த் தெரியும்.

முதலில் இலை மஞ்சளானது. பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டியது. பிறகு பிஞ்சு. சின்னம்மாள் தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க அந்தப் பக்கம் போவாள். போகும்போது பார்ப்பாள். ஒன்றும் தோன்றவில்லை, வெயில் என்று நினைத்தாள். மோட்டார் வந்தது. கரண்டு போனதும் மடையைத் திருப்பினாள். எட்டாம் நாள் கிழக்கு மூலை முழுக்கத் தளிர்.

அன்றைக்கு மேட்டுக் காட்டுக்கு வறட்டிக்குச் சாணம் பொறுக்கப் போனவள் அங்கே வரிசை வரிசையாக நின்ற குச்சிகளைப் பார்த்தாள். முழங்கால் உயரம். ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆன செடிகள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு குச்சியின் அடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள், பொடியாக உதிர்ந்தது.

மறுநாள் இளங்கோவனை வழியில் நிறுத்தினாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். திட்டக்கூடாது.”

“சொல்லுங்கம்மா.”

“அந்தத் தாளுல தண்ணின்னு கேட்டீங்களே. அதுல கடைசித் தண்ணியையும் சேத்துதான் கேட்டீங்களா?”

“என்ன தண்ணி?”

அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அப்போதுதான் கரண்டு போயிருந்தது. வாய்க்கால் நிறைந்து நின்றது. மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினாள். தண்ணீர் செடிக்குள் ஓடியது. இளங்கோவன் ஷூவில் பட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுவீங்க?”

“கரண்டு போறப்பல்லாம்.”

“அப்படின்னா… தினமுமா?”

“ஆங்.”

“எப்பலேர்ந்து?”

“செடி வெச்ச நாள்லேர்ந்து சார். அதுக்கு முன்னால கீரைக்கு வுட்டேன்.”

இளங்கோவன் அட்டையைத் திறந்து எதையோ தேடினார். மூடினார்.

“நான் கேட்டேனேம்மா.”

“பாய்ச்சினீங்களான்னு கேட்டீங்க சார். பாய்ச்சலியே. இது மிச்சம்தானே?”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கே திருத்தணிக்குப் போய்ச் சென்னைக்குப் பேசினார். முக்கால் மணி நேரம் பேசினாராம். மறுநாள் வந்தபோது ஷேவ் செய்திருக்கவில்லை.

“ரிப்போர்ட் வெளிநாட்டுக்குப் போயிடுச்சும்மா. புஸ்தகமாவே அச்சடிச்சிட்டாங்க. அடுத்த கட்டத்துல இதைக் கவனத்துல எடுத்துக்கலாம்னு சொல்றாங்க.”

“அடுத்த கட்டம்னா?”

“அடுத்த திட்டம்மா.”

“அது வேற யாருக்கோதானே சார்? இப்ப நட்டுகினு இருக்கறவங்களுக்கு யாரு சொல்றது?”

இளங்கோவன் பைக் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். “பத்தாம் தேதி விழா இருக்கு. ஐயாவுக்கு முன்னோடி விவசாயி விருது. அது வரைக்கும் எதுவும் பேச வேணாம்னு…” என்று பாதியில் நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

வேதாசலத்திடம் சாப்பிடும்போது சொன்னாள். பழைய சோறும் சுட்ட கருவாடும். அவர் கையை எடுக்காமல் கேட்டார்.

“இன்னாமே சொல்ற? சால்வ போடப் போறாங்க, இப்ப போயி தண்ணி கிண்ணின்னுகினு.”

“நெஜத்தச் சொல்றேன். மேட்டுக் காட்டப் போயி பாருங்க.”

“பாத்தேன், பாத்தேன். நான் பாக்கலன்னு நெனச்சியா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழா முடியட்டும். மறுநாளு நானே ஊர்ல சொல்றேன். ஒரு நாளுதானமே. ஒரே ஒரு நாளு நானும் மேடையில ஏறிக்கறேன்.”

அந்தக் குரலில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்றாள். அவள் செய்த தப்பு என்று ஏதாவது இருந்தால், இந்தச் சரிதான்.

விழா மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பங்குனிக் கூட்டம், மொட்டை போட்ட தலைகளில் சந்தனம், ரோடெல்லாம் வேன். உள்ளே ஃபேன் காற்றில் பேனர் படபடத்தது. வேதாசலத்துக்குச் சால்வை, கண்ணாடி போட்ட ஷீல்டு. சின்னம்மாள் முதல் வரிசையில் பட்டுப் புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் நின்று திரும்பிப் பார்த்தால், வாசல் பக்கத்து மேசையில் மருமகன் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மகள் கயல்விழி.

அவர்கள் வருவார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. எழிலன் ஊர் பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் போனால் ஆந்திரா. அவனுக்கு அப்பா வைத்துவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. முப்பத்தொரு மரம். பங்கனப்பள்ளியும் ருமானியும்.

“இன்னா மாப்ளே இது, சொல்லாம கொள்ளாம?”

“மாமாவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு அத்தை. தோப்ப எடுத்துட்டு இந்தச் செடி வெக்க நானும் பேரு குடுத்துட்டேன். மாமா பேரச் சொன்னேன், ஒடனே எழுதிக்கினாங்க.”

வேதாசலம் ஷீல்டைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு வந்தார். மருமகன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சின்னம்மாள் வாயைத் திறந்தாள். கயல்விழி அதில் ஒரு லட்டுத் துண்டை வைத்தாள்.

மறுநாள் வேதாசலம் ஊரில் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பத்தாவது நாள் சின்னம்மாள் ஒரு படி வேர்க்கடலையைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினாள்.

தோப்பில் காய் நன்றாகத் திரண்டிருந்தது. நிழல் அப்படி ஒரு குளிர்ச்சி. எழிலன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். கயல்விழி கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த காய் ஒன்றைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொண்டுவந்தாள்.

“மாப்ளே, மரத்த எப்ப வெட்டறதா இருக்கீங்க?”

“இந்தக் காய் எறங்கட்டும். ஆனி பொறந்ததும்.”

“வேணாம் மாப்ளே.”

எழிலன் பொறுமையாகத்தான் சொன்னான். “அத்தை, போன வருஷம் ரெண்டு லோடு சித்தூர் ஜூஸ் கம்பெனி வாசல்ல மூணு நாளு நின்னுச்சி. பாதி அழுவிடுச்சி. மீதிய அவங்க சொன்ன ரேட்டுக்குக் கொட்டிட்டு வந்தேன். பூ வுட்டா தத்துப்பூச்சி. இந்த மரத்துங்களக் கட்டிகினு நான் இன்னா பண்றது?”

“அந்தச் செடி தண்ணி இல்லாம வராது. எங்க காட்ல வந்தது கடைசித் தண்ணியில. நான் வுட்டுகினு இருந்தேன். எனக்கே தெரியல மாப்ளே.”

எல்லாம் சொன்னாள். மோட்டார் எரிந்தது, இலை கொட்டியது, மேட்டுக் காட்டுக் குச்சி. எழிலன் கேட்டுக்கொண்டே ஒரு சுள்ளியை ஒடித்து ஒடித்துப் போட்டான்.

“அத்தை, விழாவுல மொத வரிசையில யாரு குந்திகினு இருந்தது?”

“நான்தான்.”

“மாமாவுக்கு சால்வ போட்டப்போ கைதட்டினீங்க.”

“ஆங்.”

“அன்னிக்கு இல்லாத தண்ணி இன்னிக்கு எங்கேர்ந்து வந்துச்சி?”

சின்னம்மாள் கையிலிருந்த மாங்காய்க் கீற்றைக் கீழே வைத்தாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? நாளைக்கு நானும் மேடை ஏறிட்டா மாமாவுக்கு மவுசு கொறஞ்சிடும். அதானே?”

“இன்னா பேச்சு பேசறீங்க?” என்று கயல்விழி குறுக்கே வந்தாள். “அம்மா அப்பிடியெல்லாம் நெனைக்கிற ஆளா?” பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “ஆனா நைனா ஏம்மா வரல? இவ்ளோ பெரிய விஷயம்னா நைனாதானே வந்து சொல்லணும்?”

அதையே வீட்டுக்கு வந்து சின்னம்மாள் வேதாசலத்திடம் கேட்டாள்.

“நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு.”

“ஷீல்டு வாங்கின கையோட போயி, அது பொய்யின்னு மருமவன்கிட்ட சொல்லவா?”

“மரம் பூடுமே!”

“அவன் மண்ணு வேற, நம்ம மண்ணு வேற. வந்தாலும் வரும்.” சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு மேட்டுக் காட்டில் இருட்டுகிற வரைக்கும் ஒற்றை ஆளாகக் குச்சிகளைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் வரப்பில் நின்று பார்த்திருக்கிறான். எதற்கும் கிண்டல் செய்கிறவன் அன்றைக்கு வந்த வழியே திரும்பிவிட்டான்.

ஆனி மூன்றாம் தேதி மரம் வெட்டினார்கள். சின்னம்மாள் முந்தின நாளே போய்விட்டாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் போனாள். கேட்கவில்லை. அதற்குள் பொழுது விடிந்து எட்டு ஆட்கள் மிஷின் வாளோடு வந்துவிட்டார்கள். வந்த ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். கயல்விழிக்கு அது ஐந்தாம் மாதம், அடுப்புப் புகை ஆகவில்லை. அதனால் சின்னம்மாளே அடுப்படியில் உட்கார்ந்தாள். விழுந்த மரத்தில் இருந்த கடைசிக் காய்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து பருப்பில் போட்டு, மிளகாய் கிள்ளித் தாளித்தாள். ஒவ்வொரு மரம் சாயும்போதும் அடுப்பங்கரைத் தரை அதிரும். அவள் கை நிற்கும். பிறகு கிளறும்.

“யம்மா, இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்து. தேனாட்டம் கீது” என்றான் ஒரு ஆள். ஊற்றினாள்.

பிறகு நடந்ததை நீட்ட வேண்டாம். எழிலன் கிணறு மாமரத்துக்கே ஆகாத கிணறு. மரங்கள் எங்கோ ஆழத்தில் வேர் விட்டு அவர்களை நம்பாமல் வாழ்ந்துகொண்டிருந்தன. காட்டாமணக்கு முதல் வருஷம் கணுக்கால், இரண்டாம் வருஷம் முழங்கால். கொட்டை வாங்கும் இடம் என்று பள்ளிப்பட்டில் போர்டு வைத்த ஷெட் ஒரு நாளும் திறக்கவில்லை. அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேட் வேலைக்குப் போனான். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்றைக்கு மாமனார் வீட்டாருக்கு இலை போட்டான், பேசவில்லை. சின்னம்மாள் கைநிறையக் கொண்டுபோவாள், கயல்விழி வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான் மிச்சம். இளங்கோவன் வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

2008 ஆவணியில் கம்பெனியிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். திட்டத்தை முடித்துக்கொள்ள ஒரு கூட்டம், நாரணமேட்டுப் பள்ளிக்கூடத்தில். கன்று வைத்த நாற்பது சொச்சம் பேர் வந்தார்கள். எழிலனும் லீவு போட்டுவிட்டு வந்தான், கயல்விழி இடுப்பில் குழந்தை. ஊர் சார்பாக ஆதிகேசவன்தான் பேசினான்.

“சார், துட்டு கிட்டு ஒண்ணும் வேணாம். அந்தக் கட்டைங்கள பொக்லைன் வெச்சிப் புடுங்கிக் குடுங்க. ஏக்கருக்கு நாப்பது ஒட்டு மாங்கன்னு குடுங்க. நாங்க எங்க வேலயப் பாக்கறோம்.”

மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். டீ குடித்தார். தலையாட்டினார். “அது முடியும்னு நினைக்கிறேன். கன்றுக்கு எங்ககிட்ட வேற ஒரு திட்டம் இருக்கு. எழுதிக்கொடுத்துட்டே போறேன்” என்று லெட்டர்பேடை எடுத்தார். மேசையில் கம்பெனி அச்சடித்த புத்தகம் இருந்தது. அட்டையில் கிழக்கு மூலை, பச்சைப் பசேலென்று, மண்வெட்டியோடு சின்னம்மாள்.

இரண்டு வரி எழுதியிருப்பார். எழுதிக்கொண்டே பேசினார்.

“ஆனா ஒண்ணு. மாங்கன்னையாவது ஒழுங்கா வளர்க்கணும். செடி மேல தப்பு இல்லை. வேதாசலம் ஐயா தோட்டத்துல வரலையா? அவரும் தண்ணி விடலை, நீங்களும் விடலை. உழைச்சா வரும். எழிலன் யாரு, நீங்கதானே? உங்க காட்டுல ஒரு செடிகூடத் தேறலைன்னு எழுதியிருக்கு. இவ்வளவு சோம்பேறித்தனம் கூடாது தம்பி.”

எழிலன் எழுந்து நின்றிருந்தான். தலையைக் குனிந்து, “சரி சார்” என்றான்.

அந்தச் ‘சரி சார்’தான் சின்னம்மாளைக் குத்தியது. எழுந்துவிட்டாள். வேதாசலம் பின்னாலிருந்து, “ஒக்காருமே, ஒக்காரு” என்று முந்தானையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள்.

“சார், எங்க மாப்ள சோம்பேறி இல்ல. எங்க செடி ஒழைச்சி வரல. நான் தண்ணி வுட்டேன். டெய்லி வுட்டேன். அத்தப் பாத்துதான் இவங்கல்லாம் ஏமாந்தாங்க.”

மேனேஜர் பேனா நின்றது.

“இது எங்களுக்குத் தெரியாதேம்மா?”

“சொன்னேங்க. இளங்கோவன் சார்கிட்ட சொன்னேன். அவரு மேல சொன்னாரு.”

“அவர் இப்ப இல்லை. எழுத்துல எதுவும் இல்லை.” புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்படின்னா மாதிரித் தோட்டத்துல விதிமுறையை மீறியிருக்கீங்க. இது விவசாயி தரப்புத் தப்பாயிடுது. இதுக்கு மேல நான் எழுதிக்கொடுக்க முடியாது. மேல கேட்டுட்டுச் சொல்றேன்.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துக்கொண்டார். கார் கிளம்பியது. பிறகு யாரும் வரவில்லை. கன்றும் வரவில்லை. கம்பெனியின் அடுத்த புத்தகத்தில் ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு பக்கம் இருந்ததாம். விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை என்று போட்டிருந்தார்களாம்.

கூட்டம் கலைந்தபோது ஒருவரும் சின்னம்மாள் பக்கம் திரும்பவில்லை. ஆதிகேசவன் மட்டும், “ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?” என்றுவிட்டுப் போனான். பஸ் நிறுத்தத்தில் எழிலன் நின்றுகொண்டிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். இரண்டு வருஷம் கழித்து அவன்தான் முதலில் பேசினான். கோபமே இல்லாமல் பேசினான்.

“எழுதிகினு இருந்தாரு அத்தை. பேரு போட்டுட்டாரு. கையெழுத்துதான் பாக்கி.”

“உங்களப் போயி சோம்பேறின்னான் மாப்ளே.”

“சொல்லிட்டுப் போறான். அறுபது கன்னு கெடச்சிருக்கும்.”

குழந்தை பாட்டியிடம் தாவியது. கயல்விழி அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். எழிலன் படியில் ஏறித் திரும்பினான்.

“அன்னிக்கு நீங்க வந்து சொன்னது நெஜம்தான். இன்னிக்குதான் நம்பினேன்” என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

சின்னம்மாள் இப்போது எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. சொட்டுநீர் என்று ஒரு கம்பெனி வந்தது, சோலார் என்று இன்னொன்று வந்தது. அவளிடம் எதைக் கேட்டாலும், “எங்க வூட்டுக்காரர கேளுங்க” என்கிறாள். அவர், “எனக்குத் தெரியாதுங்க” என்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரிடமும் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முப்பத்தொரு மரம் நின்ற இடத்தில் அறுபது கன்று நின்றிருக்கும் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பொய்யின் மேல் நட்ட கன்று எத்தனை வருஷம் நின்றிருக்கும் என்று எனக்கு ஒரே குடைச்சல். நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், அவள் எழுந்த அந்த நேரத்தில், பேச விட்டிருப்பீர்களா, இழுத்து உட்கார வைத்திருப்பீர்களா?